மூன்று புள்ளி வைக்காத மேற்கோள்

போன மாதம் இரண்டு இளம் விரிவுரையாளர்கள் தூத்துக்குடியில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். சட்டம் கற்பிக்க விரும்பும் இளைஞர்களுக்காக அவர்கள் நிறுவனம் புதிதாக ஓர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் தொடங்கப்போகிறதாம். அதற்குப் பேராசிரியர் ஞானதுரையின் பெயரை வைக்கப்போகிறார்களாம். அவரிடம் முதன்முதலில் ஃபெல்லோவாகச் சேர்ந்தவள் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விழா மலருக்கு ஒரு நினைவுக் கட்டுரை வேண்டும், சாருடைய ஆளுமையைப் பற்றி நாலு பக்கம் போதும் என்றார்கள். நல்ல பிள்ளைகள், அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. காபி கொடுத்தேன். நாலு பக்கம் போதாது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இதுதான் அந்தக் கட்டுரை. மலரில் போடமாட்டார்கள் என்று தெரியும். போடாவிட்டால் போகட்டும், எழுதாமல் விட எனக்கு மனசில்லை.

என் பெயர் பிலோமினா மச்சாது. அப்பா பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க். தோணியில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளைக் குறித்துக்கொள்கிற வேலை. எங்கள் தெருவில் கடலுக்குப் போகிறவர்கள், கப்பலுக்குப் போகிறவர்கள், கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் உண்டு. கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு, ஆனால் கறுப்பு அங்கி போட்டுப் போனவர் யாருமில்லை. பி.ஏ. முடித்துவிட்டுச் சட்டம் படிக்கப் போகிறேன் என்றதும் பங்குச் சாமியாரில் தொடங்கி ஆளாளுக்கு அப்பாவிடம் வந்து பேசினார்கள். அப்பா எல்லாருக்கும் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டார். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற்றிவிட வந்தார்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகுப்பில் இருந்த பெண்கள் ஒரு பெஞ்சுக்குள் அடங்கினோம். நன்றாகப் படித்தேன். வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை, பாடம் நடத்தத்தான் ஆசை வந்தது. அந்த நாளில் சட்ட ஆசிரியர் ஆவதற்கென்று தனி வழி கிடையாது. வழக்கு வராத வக்கீல்கள் சாயங்காலம் வந்து நோட்ஸ் வாசித்துவிட்டுப் போவார்கள். அந்த நிலையை மாற்றத்தான் எழுபதுகளின் நடுவில் இந்தப் பிள்ளைகளுடைய அதே நிறுவனத்தின் சட்டக் கல்லூரியில் முதன்முதலாக ஃபெல்லோஷிப் என்று ஒன்று வந்தது. பாதி நேரம் கற்பிக்கப் பழக வேண்டும், பாதி நேரம் ஆராய்ச்சி. முடித்தவர்களுக்கு விரிவுரையாளர் வேலையில் முன்னுரிமை. அதை ஏற்படுத்தியவர் ஞானதுரை. அந்தப் பெருமையை அவரிடமிருந்து நான் பறிக்கவில்லை.

அவர் எங்கள் மாவட்டத்து நாசரேத்துக்காரர். மூன்று தலைமுறை ஆசிரியர் குடும்பம். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். கல்லூரியில் ஆங்கிலம்தான் பேசுவார், அதுவும் அச்சில் கோத்து எடுத்தது போல. நாங்கள் இருவரும் ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள் என்றாலும் முதல் ஆறேழு மாதம் என்னிடம் ஒரு தமிழ் வார்த்தை பேசியதில்லை. பிறகுதான் கவனித்தேன். அட்டெண்டரிடம் சொந்த வேலை வாங்கும்போது, அலுவலகக் கண்காணிப்பாளரிடம் விதியை வளைக்கச் சொல்லும்போது மட்டும் அவருக்கு நம்ம ஊர்த் தமிழ் வரும். அது வருகிறது என்றால் எதிரில் இருப்பவரிடமிருந்து எதையோ எடுக்கப்போகிறார் என்று பொருள்.

கற்பிக்கிற விதத்தில் அவருக்கு நிகரானவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் குறைவதில்லை, கூடுகிறது. முதலாண்டு மாணவர்களுக்கு ஒப்பந்தச் சட்டத்தில் நான் சிறு வகுப்புகள் எடுக்க வேண்டும். அவர் கடைசி பெஞ்சில் மாணவர்களோடு உட்கார்ந்துவிடுவார். வழக்கின் கதையைச் சொல்லும்போது பெயரடை வரக்கூடாது. 'பாவப்பட்ட விதவை' என்றால் பென்சிலால் பெஞ்சில் ஒரு தட்டு தட்டுவார். 'விதவை' என்று சொல், பாவமா இல்லையா என்பதை நீதிபதி சொல்லட்டும் என்பார். நான் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'யார் சொன்னது?' என்று பென்சிலில் கேட்டிருப்பார். மேற்கோள் விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு. பிறர் சொன்னதை எடுத்தாளும்போது ஒரு சொல்லை விட்டாலும் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும். ஒருமுறை நான் ஒரு தீர்ப்பிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பாதியில் முடித்து முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். எல்லார் முன்னாலும் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, வெட்டிய இடத்தைக் காட்டாமல் வெட்டுகிறவன் அறிஞன் இல்லை, திருடன் என்றார். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் ஒருநாளும் அந்தப் புள்ளிகளை நான் விட்டதில்லை.

ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்கு முதலாளி என்று ஒருவன் இருக்க வேண்டும். எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்கிறவர்களுக்கு முதலாளி யார்? முத்துக்குளிப்பு நின்று பல வருடம் ஆகியிருந்தது. சங்கு குளிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. வள்ளம் ஒருவருடையது. வள்ளத்தை நடத்துகிறவர் தண்டல், அவர் வள்ளக்காரரின் ஆள். மூழ்கி எடுக்கிறவர்களுக்குக் கூலி கிடையாது, எடுத்த சங்கில் பங்கு. பங்கு வாங்குகிறவன் கூட்டாளியா, தொழிலாளியா? கடலில் செத்தால் அவன் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? இதைப் புத்தகத்தில் தேடாதே, கரையில் போய்க் கேள் என்று என்னை அனுப்பியவரும் ஞானதுரைதான்.

எங்கள் ஊர்த் திரேஸ்புரம் கரையில் வள்ளங்கள் வந்து அணைகிற நேரத்துக்குப் போய் உட்காருவேன். முதலில் யாரும் பேசவில்லை. டாலி கிளார்க் மச்சாது மகள் என்று தெரிந்த பிறகு பேசினார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பேன். எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று சொல்வது யார்? காது வலித்தால் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? எடுத்த சங்கை வேறு ஆளிடம் விற்க முடியுமா? அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு, பிறகு தட்டச்சு செய்து, ஒரு கார்பன் பிரதியைத் துறையில் ஒப்படைக்க வேண்டும். அது ஃபெல்லோஷிப் விதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழிகாட்டி அதைப் பார்த்து 'முன்னேற்றம் திருப்தி' என்று கையெழுத்திட்டால்தான் அடுத்த ஆறு மாதம்.

அப்படிப் பேசியவர்களில் ஒருவர் சூசை. முப்பத்தைந்து வயதிருக்கும். கரையில் நல்ல மூழ்காளி என்று பெயர். கொஞ்சம் வீறாப்பான ஆள். பக்கத்தில் அவர் மனைவி ரெஜினா கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு முதலாளி யார் என்று கேட்டதும் சூசை சிரித்தார்.

"எங்களுக்கு மொதலாளின்னு எவனும் கெடையாது தங்கச்சி. கடலு ஒண்ணுதான். ஆனா தண்டல் கைகாட்டுத எடத்துலதான் எறங்கணும். ஏறுன்னு சொன்னாத்தான் ஏறணும். மாட்டேன்னவன் மறுநா கரையிலதான் நிப்பான்."

அப்படியே எழுதிக்கொண்டேன். ஒரு சொல் விடவில்லை.

அடுத்த சீசனில் சூசை செத்துப்போனார். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். ஊருக்கு வந்தபோதுதான் நடந்தது தெரிந்தது. அவருக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்திருக்கிறது. தென்காற்று அடித்துத் தண்ணீர் கலங்கிக் கிடந்திருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவரைத் தண்டல் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். மூழ்கியவர் மேலே வரவில்லை. மற்றவர்கள் இறங்கித் தூக்கி வந்தபோது மூக்கிலும் காதிலும் ரத்தம். கரைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. வள்ளக்காரர் சங்கு வியாபாரத்தில் பெரிய ஆள். அவர் பெயர் இங்கே வேண்டாம், பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு தப்பும் செய்யாதவர்கள். வள்ளக்காரர் சூசையின் அடக்கத்துக்கு வந்து மண் போட்டார். அதற்குப் பிறகு, சூசை என் கூட்டாளி, எனக்கும் நஷ்டம்தான் என்று சொல்லிவிட்டார்.

ரெஜினா சும்மா இருக்கவில்லை. தொழிற்சங்க வழக்குகள் நடத்துகிற பாலையா அண்ணாச்சியிடம் போனாள். அவர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட்டார். ஆணையர் மாதத்துக்கு ஒரு நடை தூத்துக்குடிக்கு முகாம் வந்து விசாரிப்பார். வழக்கு நல்லபடியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம் ரெஜினா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா உள்ளே வரச்சொன்னாள். அவள் வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"ஏளா பிலோமி, எம்புருசன் பேசுனத நீ யாருக்கு வித்த?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. காலையில் விசாரணை நடந்திருக்கிறது. வள்ளக்காரரின் வக்கீல், நாட்டிலேயே பெரிய சட்டப் பேராசிரியர் ஒருவரின் கருத்துரை என்று ஒன்றைத் தாக்கல் செய்து வாசித்திருக்கிறார். சங்கு குளிக்கிறவர்கள் தாங்களே சுதந்திரமான கூட்டாளிகள் என்றுதான் நினைக்கிறார்கள், தன் மேற்பார்வையில் நடந்த கள ஆய்வில் இது உறுதியானது, இறந்துபோன சூசையே இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று அதில் இருந்திருக்கிறது. சூசையின் வார்த்தையைத் தமிழிலேயே வாசித்திருக்கிறார்கள்.

"அவிய பேச்சுதான். கொரலக் கேட்டமாரியே இருந்துச்சி, எனக்கு மேலெல்லாம் ஆடிப்போச்சி. மொதலாளி எவனும் கெடையாது, கடலு ஒண்ணுதான், அம்புட்டோட நிப்பாட்டிட்டாவ. நானும் பக்கத்துலதான இருந்தேன். அதுக்குப் பொறவு அவிய சொன்னது எங்களா போச்சி?"

நான் அவளைக் கூட்டிக்கொண்டு நேராகப் பாலையா அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கருத்துரையின் நகலைக் கொடுத்தார். அதே அச்சுக்கோத்த ஆங்கிலம். கீழே ஞானதுரையின் கையெழுத்து. சூசையின் மேற்கோள் 'கடலு ஒண்ணுதான்' என்ற இடத்தில் முடிந்திருந்தது. அடுத்து ஒரு முற்றுப்புள்ளி.

மறுநாளே ரயிலேறினேன். விடுமுறையிலும் அவர் அறைக்கு வருவார் என்று தெரியும். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, மணியடித்துக் காபி கொண்டுவரச் சொன்னார். நான் நகலை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"சார், மூணு புள்ளி எங்க?"

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. ஆங்கிலத்தில் நிதானமாகப் பதில் சொன்னார். கருத்துரை என்பது கட்சிக்காரர் தருகிற விவரங்களை வைத்து எழுதுவது, ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை. கள ஆய்வு துறையின் சொத்து, என் சொத்து இல்லை. எதிர்த்தரப்பு வேண்டுமென்றால் மறுக்கட்டும், அதற்குத்தானே விசாரணை. ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். ரெஜினாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதும் தெரியும். நான் அவர் கையெழுத்தை நம்பி இருப்பவள் என்பது எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும். பாதி பேச்சை நானே சாட்சி சொல்லி முழுசாக்குவேன் என்றேன்.

அப்போதுதான் அவர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தமிழில் பேசினார்.

"ஏளா, நம்ம ஊர்ப்பிள்ளைன்னுதான் ஒன்னய எடுத்தேன். வார வருசம் இங்கன ஒரு லெக்சரர் போஸ்ட் வருது, அது ஒனக்குத்தான்னு நெனச்சிருக்கேன். ஒரு டைவர் முங்கிச் செத்துட்டான். அவன்கூடச் சேந்து ஒன் வாழ்க்கையும் முங்கணுமா?"

"அவரு பேரு சூசை, சார்" என்றேன்.

காபி வந்தது. நான் குடிக்கவில்லை.

பாலையா அண்ணாச்சி என்னைச் சாட்சியாகக் கூப்பிட மனு போட்டார். அதற்கு முன் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டார்: "தங்கச்சி, நல்லா யோசிச்சிட்டியளா? வழக்கு தோத்தாலும் ஜெயிச்சாலும் எனக்கு நாளைக்கு வேற வழக்கு வரும். ஒங்களுக்கு இன்னொரு ஃபெல்லோஷிப் வராது." யோசித்துவிட்டேன் என்றேன். அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார்.

விசாரணை நடந்தது ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் முன் அறையில். ஆணையர் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அதுதான் சாட்சிக் கூண்டு. பக்கத்தில் தட்டச்சர். நான் தமிழில் சொல்வதை ஆணையர் ஆங்கிலத்தில் ஆக்கிச் சொல்ல, அவர் அடிப்பார். சூசையின் பேச்சுக்கு வந்தபோது வள்ளக்காரரின் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். செத்துப்போனவன் சொன்னதாக இன்னொருத்தி சொல்வது செவிவழிச் செய்தி, சாட்சியமாகாது என்றார். ஆணையர் அதிகம் பேசாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அவன் பேச்சின் முதல் பாதியைக் கொண்டுவந்தவர் நீங்கள், மீதிப் பாதியைக் கேட்கமாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது என்றார். பிறகு என்னிடம், அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். தட்டச்சு இயந்திரத்தில் தமிழ் இல்லை. அந்த இடத்தில் வெற்றிடம் விடச்சொல்லி, ஆணையர் தன் பேனாவால் தானே எழுதினார். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தி, சரிதானா என்று கேட்டு எழுதினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெஜினாவின் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைவதை நான் பார்த்தேன்.

குறுக்கு விசாரணையில் வக்கீல் என்னை விடவில்லை. துறையின் அனுமதி வாங்கினீர்களா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் துறையின் சொத்தைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார். கையில் நான் ஒன்றும் கொண்டுவரவில்லை, காதில் கேட்டதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டீர்களா? இல்லை. உங்கள் வழிகாட்டி இதே பேச்சைப் படித்துவிட்டு வேறு முடிவுக்கு வந்திருக்கிறார், அவரைவிட உங்களுக்குச் சட்டம் தெரியுமா?

"சட்டம் அவருக்குத்தான் அதிகம் தெரியும்" என்றேன். "ஆனா சூசை பேசும்போது அவர் அங்க இல்ல. நான் இருந்தேன்."

அடுத்து ரெஜினாவைக் கூப்பிட்டார்கள். தண்டல் தங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பியதை அவள் சொன்னாள். தண்டலையும் விசாரித்தார்கள். யார் சொல்லி ஆள் அனுப்பினாய் என்று பாலையா அண்ணாச்சி கேட்டதற்கு, மொதலாளி சொல்லித்தான் என்று அந்த மனிதர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லைப் பயன்படுத்தினோம் என்று அவருக்கு உறைத்தது.

உத்தரவு ரெஜினாவுக்குச் சாதகமாக வந்தது. வள்ளக்காரர் மேல்முறையீடு செய்தார். அது ஒன்றரை வருடம் கிடந்து, நாலைந்து வரியில் தள்ளுபடியானது. அந்த நாலைந்து வரியை நான் ரெஜினாவுக்குத் தமிழில் சொன்னேன். அவியளுக்கு மொதலாளி உண்டுன்னு கவர்மெண்டே எழுதிட்டாவளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவிய கேட்டிருந்தாவன்னா எம்மேல சண்டைக்கி வந்திருப்பாவ" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சூசை செத்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

என் கதைக்கு வருகிறேன். சாட்சி சொன்ன பிறகு வந்த ஆறுமாத அறிக்கையில் ஞானதுரை 'முன்னேற்றம் திருப்தியில்லை' என்று எழுதினார். அதற்கு முந்தைய அறிக்கையில் 'மிகச் சிறப்பு' என்று எழுதிய அதே பேனா. காரணம் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. நேரில் போனேன், கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். ஃபெல்லோஷிப் நின்றது, விடுதி அறையைக் காலி செய்யச் சொன்னார்கள், ஆய்வேடு பாதியில் நின்றது. மாணவர்கள் சிலர் ரயில்நிலையம்வரை வந்தார்கள். ஆசிரியர்கள் யாரும் வரவில்லை. நான் என்ன குற்றம் செய்தேன் என்று அவர்களில் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை. எல்லாருக்கும் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது.

இத்தோடு விட்டிருந்தால்கூட நான் இவ்வளவு காலம் கோபத்தைச் சுமந்திருக்கமாட்டேன். அவர் அந்தக் கருத்துரையையே கொஞ்சம் நீட்டி ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஆணையரின் உத்தரவு வந்த பிறகு வெளியிட்டார். உத்தரவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. சூசையின் பாதிப் பேச்சு இருந்தது, பெயர் இல்லாமல், 'ஒரு மூழ்காளி சொன்னது' என்று. ஆணையரின் உத்தரவு எந்தச் சட்ட இதழிலும் வரவில்லை. தள்ளுபடி உத்தரவும் வரவில்லை. கட்டுரை மட்டும் பாடப்புத்தகத்துக்குள் போனது. அடுத்தடுத்த வழக்குகளில் வேம்பாரிலிருந்து மணப்பாடுவரை வள்ளக்காரர்களின் வக்கீல்கள் அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் பரீட்சையில் அதைத்தான் எழுதினார்கள். செத்தவர்களின் மனைவிமார் சிலர் அந்தக் கட்டுரையால் தோற்றார்கள். எனக்குத் தெரிந்தே தோற்றார்கள். இதற்குப் பெயர் புலமை என்றால் அந்தப் புலமையை மணலில் போட்டுப் புதையுங்கள்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் மாணவர்களுக்கு வணிகச் சட்டம் நடத்தும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை. எழுபதுகளின் கடைசியில் ஒரு சட்டக் கல்லூரியில் விரிவுரையாளர் இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்குப் போனால் தேர்வுக்குழுத் தலைவரின் வலப்பக்கத்தில் துறை வல்லுநராக ஞானதுரை உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. போகவில்லை.

தலைவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, உங்கள் ஆராய்ச்சி ஏன் முடியவில்லை என்று கேட்டார்.

"வழிகாட்டி முன்னேற்றம் திருப்தியில்லைன்னு எழுதிட்டார்."

"யார் உங்கள் வழிகாட்டி?"

"உங்க வலப்பக்கம் இருக்கார் சார்."

தலைவர் திரும்பிப் பார்த்தார். ஞானதுரை துளிக்கூடச் சங்கடப்படவில்லை. மிஸ் மச்சாது திறமையானவர்தான், ஆராய்ச்சிக்கும் இரக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதுதான் குறை என்று ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு சொன்னார். குழுவில் இருந்த மற்றவர்களும் லேசாகச் சிரித்தார்கள்.

"ஒருத்தர் சொன்னதை முழுசாச் சொன்னேன். அதை நீங்கதான் எனக்குக் கத்துக்கொடுத்தீங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் நீங்கள் வெளியிட்ட கட்டுரைகள் ஏதும் உண்டா என்றார். கட்டுரை இல்லை. பையிலிருந்து ஆணையரின் உத்தரவின் நகலை எடுத்து வைத்தேன். என் சாட்சியத்தை ஏற்று அவர் எழுதிய பத்தியைக் காட்டினேன். இதெல்லாம் வெளியீடு ஆகாதே என்று தலைவர் அதை ஞானதுரையின் பக்கம் தள்ளினார். அவர் வாசிக்காமல், கவிழ்த்து, என் பக்கம் தள்ளினார். வேலை வேறொருவருக்குப் போனது. அந்தப் பையன் அவருடைய புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்தியவன் என்று பிறகு தெரிந்தது.

ராத்திரி வண்டி பிடித்து ஊருக்கு வந்தேன். காலையில் வீட்டுக்குள் நுழைந்தால், நடு அறையில் பாலையா அண்ணாச்சி காத்திருக்கிறார். பக்கத்தில் வேம்பாரிலிருந்து வந்த ஒரு பெண். முப்பதுகூட இருக்காது, கழுத்தில் ஒன்றும் இல்லை. அவள் புருஷனும் சங்கு குளிக்கப் போனவன்தான். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கட்டுரையோடு வந்து நிற்கிறார், என்ன செய்ய என்று அண்ணாச்சி கேட்டார்.

பையிலிருந்த உத்தரவின் நகலை அவர் முன்னால் வைத்தேன், அவரிடமும் ஒன்று இருந்ததுதான். கசங்கிய சேலையோடு அப்படியே தரையில் அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்தேன். அம்மா ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றேன். "ஒங்க வீட்டுக்காரரு எந்த எடத்துல எறங்கணும்னு சொன்னது யாரு?"